கருவாட்டு நூலும் நீலப் புகையும்

அன்பு மகள் யோன்ஹ்வாவுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னாலேயே சேதி சொல்கிறது. கனடாவில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று யோசிக்காதே, நானேதான் எழுதுகிறேன். ஊர்ப் பொதுக்கூடத்தில் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் டீச்சர், தாத்தா உங்க எழுத்து மக்கொலி குடிச்சிட்டு நடக்குற மாதிரி இருக்கு என்கிறாள். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்றும் சொன்னாள், எனக்கு அது போதும்.

போனில் பேசும்போதெல்லாம் வண்டியை வித்துடுங்கப்பா என்கிறாய். அம்மாவின் நினைவு நாளுக்கு வரும்போது டாக்சி பிடித்து வந்துகொள்கிறேன் என்றாய். வண்டி வெயில் காலம் தொடங்கியதிலிருந்து ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. ஊற்றிவிட்டு நம்ஹே பாலம் வரை போய் வந்தால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் பாதிதான் நனையும். பின்னால் நீலமாகப் புகை. பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் வழியில் போகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன், அந்த ஆள் பானட்டைக்கூட முழுசாகத் திறக்காமல், எஞ்சின் உள்ளே ரிங் தேஞ்சு போச்சு, இனி பழைய இரும்புக் கடைதான், அடுத்த மாசம் சர்க்கார் வண்டிச் சோதனைக்குப் போனா புகையிலேயே தள்ளிடுவான் என்று சொல்லிவிட்டான். அன்று திரும்பும் வழியில் அம்மா உட்காரும் இடத்தைப் பார்க்கவே இல்லை.

உனக்கு நினைவிருக்கும், வண்டி ஓட்டுவது நான், ரோட்டோர வழிப் பலகை படிப்பது அம்மா. ஜின்ஜு இடது பக்கம், சாச்சொன் நேரே என்று படித்துக்கொண்டே வருவாள். நான் மாறித் திரும்பினால் தொடையில் ஒரு கிள்ளு. கண்ணு இருந்தும் குருடன்கூட குடும்பம் நடத்துறேன் என்பாள், சொல்லிவிட்டு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்து என் வாயில் வைப்பாள். இப்போது பலகையெல்லாம் நானே படிக்கிறேன். சத்தமாகப் படிக்கிறேன். வண்டி போய்விட்டால் யாருக்குப் படித்துக் காட்டுவது.

நேற்று கை கடுத்தது, இங்கே நிறுத்தினேன். இன்று மேலே எழுதுகிறேன். படகு மோட்டார் பழுது பார்க்கும் சொக்குவிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவன் வாய் உனக்குத் தெரியும். அண்ணே, வண்டி சிகரெட் பிடிக்குது, நீங்க விட்டதை அது எடுத்துக்கிச்சு என்றான். ஆனால் வேலையை அவசரப்படாமல் செய்தான். ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைக்கச் சொன்னான், காலையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்போ ஒழுகலை, உள்ளே எரியுது என்றான். பிளக்குகளைக் கழற்றி, எஞ்சின் எவ்வளவு அமுக்கம் பிடிக்கிறது என்று நான்கு சிலிண்டரிலும் அளந்தான். நான்கும் நன்றாகவே இருந்தன. ரிங் போச்சுன்னு சொன்னவன் வாயில மண்ணு என்றான். பிறகு வண்டியை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தான், உள்ளிருந்து காற்று புஸ்ஸென்று அடித்து அவன் முகமெல்லாம் ஆயில். எஞ்சினுக்கு மூச்சு முட்டுது, காத்து வெளியே போக வழியில்லாம ஆயிலையும் சேர்த்துத் தள்ளி எரிக்குது என்று, அந்தக் காற்று போகிற ரப்பர் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனான். பாதி வழியில் கை நின்றது. சிரிக்க ஆரம்பித்தான்.

கண்ணு, அங்கே உன் கருவாடு தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி வாங்கிய அன்று, கெட்டது அண்டாமல் காவலுக்கு என்று அம்மா பானட்டுக்குள் வெள்ளை நூல் சுற்றிக் கட்டிய கருவாடு இற்றுப்போய்விட்டது என்று, போன புத்தாண்டுக்கு வந்தபோது நீ புதிதாகக் கட்டினாயே, அதுதான். அம்மா எப்போதும் இரும்புக் கம்பியில் கட்டுவாள். நீ குளிரில் விரல் விறைக்க, கைக்கு எட்டிய ரப்பர் குழாயில் கட்டிவிட்டாய். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்றது நான். வெயிலில் ரப்பர் இளகியதும் நூல் நன்றாகக் கடித்துக் குழாயை அடைத்துவிட்டது. உங்க மக காவலுக்கு வச்ச மீனு எஞ்சின் கழுத்தையே நெரிச்சிடுச்சு அண்ணே என்றான் சொக்கு. இருவரும் சிரித்த சிரிப்பில் அவன் மனைவி வெளியே வந்து, காலையிலேயே குடிச்சாச்சா என்று கேட்டாள்.

இதற்காக நீ வருத்தப்படாதே. முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரிதான் போட வேண்டியிருந்தது. அச்சு அசல் அம்மா போடும் முடிச்சு. குழாயை மாற்றியாயிற்று, கருவாட்டைக் கம்பியில் கட்டியாயிற்று, முடிச்சு மட்டும் உன்னுடையது போல வரவில்லை. பாலம் வரை மூன்று முறை போய் வந்தேன், அளவுக் கம்பியில் ஆயில் அப்படியே நிற்கிறது. வண்டிச் சோதனையிலும் பாஸ் ஆகிவிட்டது.

பேத்திக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும், அம்மா மேலிருந்து பார்த்துக்கொள்வாள். வரும்போது தடிமனான சட்டை எடுத்து வா, கடற்காற்று அடிக்கிறது. டாக்சி வேண்டாம். சாச்சொன் விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். நீ அம்மா இடத்தில் உட்கார்ந்து கிழங்கு உரித்தால் போதும், பலகையை நான் படிக்கிறேன்.

தன் கையால் எழுதிய
உன் அப்பா
பாங் தொக்சு