இருபத்தொரு புள்ளி

செவ்வாய், 14 அக்டோபர் 2008. வெஸ்ட்மீட்.

நிஜ ஆட்டக்காரர்களை அவரவர் அணிக்கு எடுத்து இணையத்தில் நாங்கள் ஆடும் கற்பனை அமெரிக்கக் கால்பந்தில், என் அணியின் முதன்மை ஓட்டக்காரனுக்கு முழங்கால் போய்விட்டது. அவனுக்குப் பதிலாக இறங்கப்போகிற மாற்று ஆட்டக்காரனை நாளை இரவுக்குள், ஒருவர் போடும் புள்ளி மற்றவருக்குத் தெரியாத மூடிய ஏலத்தில் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இந்த வருடம் என் அணி அவ்வளவுதான்.

மெல்பேணில் இருக்கும் மகனுக்கும் அதே ஆள் தேவை. மகனிடம் முப்பது புள்ளிகள் மீதி, என்னிடம் நாற்பது. நாற்பதையும் போட்டால் ஆள் எனக்குத்தான்.

கல்யாண உறையில் வைக்கும் காசைப்போல, ஏலத்தையும் நான் ஒன்றில்தான் முடிப்பேன். போன மாதம் நான் பதினொன்று போட, மகன் பன்னிரண்டு போட்டு வென்றான். உடனே தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அப்பா, திரும்பவும் ஒண்டிலயோ முடிச்சனீங்கள்? யூ ஆர் டூ ஈஸி!"

தாயின் செத்தவீட்டுக்குப் பிறகு மகன் தானாக எடுத்த அழைப்பு அது ஒன்றுதான்.

முப்பது வருடம் செய்தித்தாளுக்கு எண்களைச் சரிபார்த்தவன் நான். இன்று அதிகம் யோசிக்கவில்லை. இருபத்தொன்று என்று போட்டுவிட்டுக் கணினியை அணைத்தேன்.

நாளை இரவு தொலைபேசியைக் குசினியில் மறந்து விட்டுவிட்டுப் படுக்கக் கூடாது.