பாய் கட்டாத கப்பல்

சின்னக்குட்டிக்கு,

உன் அண்ணன் வாங்கித் தந்த பாய்மரக் கப்பல் பொம்மையை முக்கால்வாசி ஒட்டி முடித்துவிட்டேன். போன மாதம் யாரிடமும் சொல்லாமல் உன் வீட்டுக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் அவனிடம் மாட்டிக்கொண்டேன் அல்லவா, மறுநாளே இந்தப் பெட்டியோடு வந்தான். “எங்கயும் அலையாதீங்கப்பா, உக்காந்து கப்பல் கட்டுங்க” என்றான். வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிவிடுகிறான். என் நல்லதுக்குத்தானாம்.

பலகைகளை ஊறவைத்து, வளைத்து, துணி கிளிப் மாட்டி ஒட்டினேன். அடிப்பக்கம் கொஞ்சம் கோணல். எந்தக் கடலுக்குப் போகப்போகிறது.

பாய் கட்ட நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கண் நன்றாகவே தெரிகிறது.

இதை ஜன்னல் வழியாகப் பேப்பர்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ பாய் கட்டித்தர வருவதாகச் சொல்லி அவனிடம் சாவி வாங்கிக்கொள். என்னைப் பார்க்க என்றால் தரமாட்டான்.

உன் அப்பா