அவர் எழுதிய குழந்தை

ஜூன் 13, 2024, வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் ஜெயபிரியா டீச்சர் போனை நீட்டினாள். "இந்தக் கதையப் படிங்க டீச்சர். நான் அழுதுட்டேன்." பிறந்ததுமே இறந்துபோகும் பெண்குழந்தை. ஆஸ்பத்திரியில் மனைவி சாப்பிட மக்ரூன் இனிப்பு கேட்கிறாள். கணவன் வாங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எழுதியவருக்கு ஏதோ புனைபெயர்.

மக்ரூன் கேட்டது நான். வாங்கப் போனது என் வீட்டுக்காரர் ஜெனோ.

ஜூன் 14, வெள்ளி

மறுபடி படித்தேன். மூன்று வருடமாகப் பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன் ஊருக்கே சொல்லியிருக்கிறார். 'அவள் அழவில்லை. கல்லாகக் கிடந்தாள்' என்று மனைவியைப் பற்றி ஒரு வரி. கீழே நூற்றுப்பன்னிரண்டு பேர் உருகியிருக்கிறார்கள். இரண்டு பேர் அந்த மனைவியைத் திட்டியிருக்கிறார்கள்.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுததெல்லாம் இவருக்குக் கேட்கவே இல்லையா?

பாப்பாவின் முகமும் கதையில் இருக்கிறது. சுருள்முடி. இடது காதுமடலில் மச்சம். எனக்கு அவளைக் காட்டவில்லை. "நீ பாக்க வேண்டாம், தாங்கமாட்ட" என்று தடுத்தவர் இவர்தான்.

ஜூன் 15

சுருள்முடி. என் அப்பாவுக்கும் சுருள்முடி.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் அவரிடம் கேட்டுவிட்டேன்.

"ஏளா, அது கதை. எல்லாத்தையும் நெசம்னு எடுத்துக்காத."

"மச்சம் இருந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"எட்டு தடவ மாத்தி மாத்தி எழுதினேன். இப்ப எது பாத்தது, எது எழுதினதுன்னு எனக்கே தெரியல, ரேச்சல்."

அழுதார். நான் எழுந்துபோய்த் துணி காயப்போட்டேன்.

பாவி — அவளப் பாத்த கண்ணு உம்ம கண்ணு ஒண்ணுதானய்யா. அதையும் அழிச்சிட்டீரே.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சாத்தான்குளத்துப் பள்ளிக்கு மாறுதல். நானாகக் கேட்டு வாங்கியது என்று அவருக்குத் தெரியும். பெட்டியை அவரே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

ஜனவரி 19, 2025, ஞாயிறு

போன் செய்தார். கதைகள் புத்தகமாக வருகிறதாம். முதல் பக்கத்தில் பாப்பாவுக்குச் சமர்ப்பணம் போட வேண்டுமாம்.

"பேரு வைக்காமலே விட்டுட்டோமே. நீ ஒண்ணு சொல்லேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மனதுக்குள் வைத்துவிட்டேன். தினமும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

"எனக்கு ஒண்ணும் தோணல" என்றேன்.

இந்த நோட்டிலும் எழுதமாட்டேன்.