கரண்ட் பில் ஃபோல்டர்

செவ்வாய், இரவு பதினொன்றே கால்

கம்ப்யூட்டர் இப்போது பத்து நொடியில் ஆன் ஆகிறது. இவர் அதை நான்கு முறை ஆன் செய்து ரசித்துவிட்டுப் படுத்தார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஹார்டு டிஸ்க்கை மாற்றப் பாகலூரிலிருந்து மஞ்சுநாத் சாயங்காலம் வந்தார். பழையதில் இருந்த ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டு, வேண்டியதை மட்டும் புதியதில் ஏற்றினார்.

“கரண்ட் பில்னு ஒண்ணு இருக்குதுங்க சார். வேணுங்களா?”

“அதெல்லாம் இப்ப போன்லயே வருது. உட்டுடுங்க” என்றார் இவர்.

ஆறு வருடமாக நான் டைப் செய்துவந்த டைரி அது. இவர் திறக்கக் கூடாதென்றுதான் அந்தப் பெயரை வைத்தேன். வேண்டும் என்றால் எதற்கு என்று கேட்பார், அங்கேயே திறந்தும் பார்ப்பார். நானும் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

மஞ்சுநாத் பழைய டிஸ்க்கைத் தன் பையில் போட்டுக்கொண்டார். “உள்ள என்ன இருக்குதுன்னு பாத்து நானே அழிச்சிடறேங்க்கா.”

பார்க்காமல் அழிக்கக் கூடாதா? அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்றிருந்தேனே, அந்த மார்கழி முழுக்க அதில்தான் இருக்கிறது. மஞ்சுநாத்தும் இவரும் தினமும் பாகலூரில் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள்.

இனிமேல் நோட்டில்தான் எழுத வேண்டும். இந்த வரியை எழுதும்போதே கட்டிலிலிருந்து குரல் வருகிறது.

“இந்நேரத்துல என்ன எழுதற?”

“மளிகை லிஸ்ட்டு.”

“டீத்தூள் தீந்துபோச்சு, சேத்துக்க.”

டீத்தூள் கால் கிலோ.