ஒரு ஓம், இரண்டு ஓம்

அக்கா,

இன்று பின்னேரம் ஒரு பிள்ளை வந்து கதவைத் தட்டினாள். கையில் கிளிப்போர்ட், மழைக்காக அதற்கு மேல் ஒரு பொலித்தீன் பை, பைக்குள் கையை விட்டு எழுதுவதற்கு ஒரு பேனை. கவுன்சில் தேர்தல் வருகிறதாம், வோட்டுக் கேட்டு வந்திருக்கிறாளாம். தாளில் என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே தொடங்கினாள். இங்கே பிறந்த பிள்ளை, பாவம், ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்தாள். எனக்கோ அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "ஓம் ஓம் பிள்ளை, கட்டாயம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாக என் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டாள்.

அந்தச் சரியைக் கண்டதும் எனக்கு நம்முடைய பழைய தாள்கள்தான் நினைவுக்கு வந்தன. சோற்றை இறக்கிவைத்துவிட்டுக் கராஜுக்குள் போய், பழைய டயர்களுக்குப் பின்னால் கிடந்த உங்கள் கிளிப்போர்ட்டை இழுத்து எடுத்தேன். உங்கள் மேயர் தேர்தல் முடிந்த அன்று என் காரின் டிக்கியில் விட்டுப்போனது. ரப்பர் பட்டி உருகிப் பொலித்தீனோடு ஒட்டிக் கிடந்தது. பிரித்ததும் பூஞ்சண மணம் மூக்கில் அடித்தது. நீங்கள் இருந்திருந்தால் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு எத்தனை வருசத்துப் பூஞ்சணம் என்றும் சொல்லியிருப்பீர்கள். உள்ளே நான் நிரப்பிய தாள்கள் அப்படியே இருக்கின்றன. வரிசை வரிசையாகச் சரிகள்.

அக்கா, உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அது அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. எடுத்த எடுப்பில் சொல்லிவிட எனக்குத் துணிச்சல் காணாது. முதலில் இருந்தே வருகிறேன்.

உங்களை முதன்முதல் கண்டது குரோய்டனில், அந்தப் பெரிய குடிவரவுக் கட்டடத்துக்கு வெளியே. நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்று கிழமைதான். போட்டிருந்த ஜக்கெட் கொழும்பில் வாங்கியது, இந்த ஊர்க் குளிருக்கு அது ஒரு சேர்ட்டுக்குச் சமம். நீங்கள் உள்ளே அலுவலை முடித்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். வேறு ஆள் என்றால் ரெயினைப் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கும். நீங்கள் வரிசை நெடுக நடந்து, எந்த யன்னலில் எந்தக் கடுதாசி கேட்பார்கள் என்று தமிழ் முகங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். என்னிடம் வந்ததும், "பயப்படாதை தம்பி. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு, கூடக் கதையாதை" என்றீர்கள். கூடக் கதைப்பது என் வியாதி என்று பார்த்த உடனேயே எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ!

பிறகு ஸ்ட்ரெதமில் ஒரே வீட்டில் நீங்கள் கீழறை, நான் மேலறை. சனிக்கிழமை என்றால் உங்கள் சமையலறை மேசையில் படிவங்கள் குவிந்திருக்கும். பெனிபிட் உதவிக்காசு, பள்ளிக்கூட இடம், கவுன்சில் வீடு, எல்லாம் வரும். ஆட்கள் வாசல் வரை நிற்பார்கள், நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். வீட்டுச் சுவரில் ஈரம் என்று யாராவது சொன்னால் படிவத்தை மூடிவைத்துவிட்டு நேரே அந்த வீட்டுக்குப் போய்ச் சுவரில் மூக்கை வைத்து மணந்து பார்ப்பீர்கள். கவுன்சில்காரன் யன்னலைத் திறந்து வையுங்கள் என்று கடிதம் எழுதினால், அவனையும் கூட்டிவந்து மணக்க வைப்பீர்கள். அப்படிப் படிவம் நிரப்பி நிரப்பியே நீங்கள் அரசியலுக்கு வந்துவிட்டீர்கள். கட்சி உங்களுக்கு ஒருவரும் விரும்பாத ஒரு வார்டைத் தூக்கிக் கொடுத்தது. நீங்கள் அதற்கே பெரிய நன்றி சொல்லிவிட்டு வந்தீர்கள்.

அந்த முதல் தேர்தலில்தான் நான் ஓம் எண்ணப் பழகினேன். மழை. நான் தாள் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். ஒரு ஐயா கதவைத் திறந்து, எங்களை உள்ளே இருத்தி, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தந்து, போகும்போது "ஓம் ஓம் பிள்ளை, கட்டாயம்" என்றார். நான் சரி போட்டேன். கேற்றுக்கு வெளியே வந்ததும் நீங்கள் என் பேனையை வாங்கி அதைக் கேள்விக்குறியாக மாற்றினீர்கள்.

"தம்பி, ஒரு ஓம் எண்டால் ஓம். ரெண்டு ஓம் எண்டால் இல்லை. கட்டாயமும் சேர்ந்து வந்தால் அறவே இல்லை."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. எங்கட சனத்துக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது, அதனால் ஓமை இரட்டிப்பாக்கி இல்லையைச் சொல்லும், அதைக் கேட்கத் தெரியாதவன் தாள் பிடிக்கக்கூடாது என்றீர்கள். இரண்டு ஓம் வீடுகளுக்கு நீங்களே தனியாக மறுபடியும் போவீர்கள். அதற்காகவே லேஸ் இல்லாத சப்பாத்து வாங்கினீர்கள், வாசலில் நின்று கழற்றக் கஷ்டம் இல்லாமல். உள்ளே போய் இருந்து, என்ன மனவருத்தம் என்று கேட்பீர்கள். ஒருவருக்குக் குப்பைத்தொட்டி, ஒருவருக்கு மகனின் பார்க்கிங் பைன், ஒருவருக்கு நீங்கள் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை என்ற கோபம். கேட்டு முடித்து வரும்போது அதில் பாதி ஒரு ஓமாக மாறியிருக்கும். அப்படித்தான் அந்த வார்டை வென்றீர்கள், பிறகு பதினாறு வருசம் விடாமல் வைத்திருந்தீர்கள்.

மேயர் தேர்தலுக்கு நிற்கப்போவதாக நீங்கள் சொன்ன நாள் நினைவிருக்கிறது. எங்கள் பரோவில் மேயரைச் சனம் நேரடியாகவே வோட்டுப் போட்டுத் தெரிவு செய்கிறது. ஒரு வார்டு போதாது, எல்லா வார்டும் சேர்ந்த முழுப் பரோவும் உங்களுக்குப் புள்ளடி போடவேண்டும். நான் வார்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. தோற்றால் இருக்கட்டும் என்று ஒரு கதிரையைப் பிடித்து வைத்துக்கொண்டு சனத்திடம் எப்படிப் போய்க் கேட்பது என்றீர்கள். வார்டை விட்டுக்கொடுத்தீர்கள். "தமிழ்ச் சனத்தின்ர தெருவெல்லாம் உன்ர பொறுப்பு" என்று கிளிப்போர்ட்டை என் கையில் தந்தீர்கள்.

எனக்கு அப்போது கார் பழக்குகிற தொழில் சூடு பிடித்திருந்த நேரம். பின்னேரங்களில்தான் லெசன். ஒவ்வொரு லெசனையும் ரத்துச் செய்துவிட்டு, காரின் கூரையில் இருந்த போர்ட்டைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுவிட்டு, தெருத் தெருவாகப் போனேன். உள்ளுக்குள் எரிச்சல்தான், மறைப்பானேன். வீட்டுக்கு வீடு தேத்தண்ணி, வீட்டுக்கு வீடு ஓம் ஓம். முதல் இரண்டு தெருவுக்கும் ஒழுங்காகக் கேள்விக்குறி போட்டேன். தாளைப் பார்த்தபோது கண் கூசியது, அவ்வளவு கேள்விக்குறி. நீங்கள் அப்போது முழங்கால் வீங்கி, காருக்குள் ஏற ஒரு கையால் கதவைப் பிடித்துத்தான் ஏறினீர்கள். இத்தனை வீட்டுக்கும் இந்தக் காலோடு மறுபடி போகவேண்டுமே என்று நினைத்தேன். அது பாதி. மற்றப் பாதி, நல்ல செய்தி கொண்டுவருகிறவனாக இருக்க எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் தெருவில் இருந்து எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். பிறகு முதல் இரண்டு தெருவின் தாளையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

கடைசித் தாளையும் தந்த அன்று காருக்குள் இருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தீர்கள்.

"எல்லாம் ஒரு ஓமோ தம்பி?"

"ஓம் ஓம் அக்கா."

ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு "கெட்டிக்காரன்" என்று சொல்லித் தாள்களை அடுக்கிப் பொலித்தீனுக்குள் வைத்தீர்கள். மிச்சம் இருந்த இரண்டு கிழமையும் பரோவின் மற்ற மூலையில், எங்கள் முகமே பழக்கமில்லாத தெருக்களில் கதவு தட்டினீர்கள். எங்கட தெருக்கள்தான் சரியாயிற்றே. ஒரு ஓம் வீடுகளுக்குப் போனில் ஒரு மெசேஜ் போதும் என்பது உங்கள் முறை. தேர்தல் அன்று ஒரு மெசேஜ் போனது.

அடுத்த நாள் காலை விளையாட்டு மண்டபத்தில் வோட்டு எண்ணினார்கள். எங்கட தெருக்களின் பெட்டிகளைக் கொட்டியபோது மேசையில் கடுதாசி பரவியது, குவியவில்லை; எங்கட சனத்தில் கனபேர் வோட்டுப் போடவே வரவில்லை. நீங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த மேசைக்கு முன்னால்தான் நின்றீர்கள். கடைசியில் வித்தியாசம் எவ்வளவு? ஒரு கல்யாண ஹோலுக்குள் இருத்திச் சாப்பாடு போடக்கூடிய அளவு சனம். வென்றவருக்குக் கை கொடுத்தீர்கள், எண்ணியவர்களுக்கு நன்றி சொன்னீர்கள், குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. காருக்குள் ஏறிப் பெல்ட் போட்ட பிறகுதான் சொன்னீர்கள்.

"எங்கட சனத்துக்கு நான் வேண்டாம் போல, தம்பி."

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். இல்லை அக்கா, அவர்கள் ஓம் என்று சொல்லவே இல்லை, நான்தான் எழுதினேன் என்று ஒரு வசனம். நான் சிக்னல் போடாமல் வளைத்தேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். ஊருக்கெல்லாம் கார் பழக்குகிறவன்.

இரண்டு கிழமை கழித்து சட்டன் பக்கம் ஒரு பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். என் தாளில் நான் சரி போட்டிருந்த ஒரு வீட்டுக்காரரும் மனைவியும் பக்கத்தில் வந்து இருந்தார்கள். மனைவி நல்ல கோபத்தில் இருந்தா. "அக்கா பெரிய ஆளானதும் எங்களை மறந்திட்டா. முந்தி எண்டால் ரெண்டாந்தரமும் வீடு தேடி வருவா. இந்தமுறை வருவா வருவா எண்டு பாத்துக்கொண்டு இருந்தம். வந்து கேட்டிருந்தால் போடாமல் விட்டிருப்பமே?" என்றா. என் வாயில் வடை இருந்தது. விழுங்கிவிட்டு, அக்காவுக்கு முழங்கால் வருத்தம் என்றேன்.

அதையும் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கவில்லை. இன்றைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று நாள் போனது. நீங்களோ ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தீர்கள். மறுபடி எந்தத் தேர்தலுக்கும் நிற்கவில்லை. சனிக்கிழமைப் படிவம் நின்றது. கோயில் திருவிழாவுக்குக்கூட வரவில்லை, சனத்தின் முகத்தில் முழிக்க வெட்கமாக இருக்கிறது என்றீர்கள். வெட்கப்படவேண்டிய நானோ உங்கள் எதிரில் இருந்து நீங்கள் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கோழை இவ்வளவு காலம் நல்ல தம்பியாக நடிக்கலாம் என்று எனக்கே தெரியாது, அக்கா.

பிறகு வருத்தம் வந்தது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தீர்கள். கடைசிக் கிழமை வீட்டில் இருந்தீர்கள். ஒரு மத்தியானம் எனக்குப் போன் எடுத்தீர்கள். குரல் காற்றாக இருந்தது. நாளைக்கு ஒருக்கா வந்திட்டுப் போறியோ என்று கேட்டீர்கள். ஒரு பொடியனுக்கு அடுத்த நாள் கார் டெஸ்ட், மூன்றாம் தடவை, அவனை நான்தான் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அது தலைக்குள் ஓடியது, வாய் தன்பாட்டில் சொல்லியது.

"ஓம் ஓம் அக்கா."

"ரெண்டெல்லே சொல்லுறாய்" என்றீர்கள். சிரிக்கப் பார்த்தீர்கள், இருமல் வந்துவிட்டது. "எனக்கு எண்ணத் தெரியும், தம்பி."

இல்லை அக்கா, வாறன், சத்தியமாய் வாறன் என்றேன். போனை வைத்த பிறகுதான் அந்தக் கார், அந்தத் தாள்கள், நான் அன்று சொன்ன இரண்டு ஓம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து நின்றன. அன்றைக்கும் எண்ணினீர்களா? நாளைக்குப் போய் முதலில் இதைக் கேட்பது, பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அடுத்த நாள் பொடியனை டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பாஸ். உங்களிடம் நாளைக்குப் போவோம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் விடிய உங்கள் மகள் போன் எடுத்தாள்.

அன்றைக்கு எண்ணியும் என்னை வெட்கப்படுத்தக்கூடாது என்று விட்டீர்களோ, அல்லது ஊர் முழுவதின் ஓமையும் எண்ணிய நீங்கள் என்னுடையதை மட்டும் எண்ணாமல் நம்பினீர்களோ, எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதை நினைத்தாலும் நித்திரை வருவதில்லை.

காலம் கடந்துதான் சொல்கிறேன், கேளுங்கள். எங்கட சனம் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, அக்கா. நீங்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருவீர்கள் என்று தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு இருந்தார்கள். உங்களைப் போகவிடாமல் செய்தவன் நான்.

சோறு ஆறிவிட்டது. கராஜில் இருந்து வந்ததும் வராததுமாகச் செருப்போடு தெருவுக்கு ஓடினேன். அந்தப் பிள்ளை ஐந்தாறு வீடு தள்ளித்தான் நின்றாள். தங்கச்சி, என்ர பேரில் போட்ட சரியை வெட்டிப்போட்டுக் கேள்விக்குறி போடுங்கோ என்றேன். ஏன் அங்கிள், மனம் மாறிட்டீங்களா என்று பயந்துபோனாள். இரண்டு ஓம் என்றால் என்ன என்று தெருவில் நின்று அவளுக்குச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தன் தாளைக் கீழே குனிந்து பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தாளில் எத்தனை சரி என்று நான் பார்க்கவில்லை.

"அப்ப சனிக்கிழமை திரும்ப வரட்டா அங்கிள்? வீட்ட நிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.