ரைகருக்கு விழுந்த அடி

24.4.1984, செவ்வாய்
எழுவைதீவு

வயிறு எரிகிறது. மீன் பருவத்துக்கு நாங்கள் கடற்கரையில் வாடி என்று ஓலைக்குடில் போட்டுக் கிடப்பது யாழ்ப்பாணத்து அத்தானுக்குப் பொழுதுபோக்காகத் தெரிகிறது. பாஸ்குத் திருநாள் லீவுக்கு அக்காவையும் தன்னுடைய சடைநாயையும் கூட்டிக்கொண்டு கூடாரம் அடிக்க வந்துவிட்டார்.

மணலில் காயும் கருவாட்டுக்கு எங்கள் நாய் ரைகர்தான் காவல். இன்று காலை நானும் அக்காவும் தண்ணீர் அள்ளப் போன நேரம், "உது குலைச்சு என்ரை நாயைப் பயப்படுத்துது" என்று அத்தான் அதைப் பனங்கூடலுக்குள் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது பாதிக் கருவாட்டைக் காகம் தூக்கிவிட்டது. மிச்சத்தில் சடைநாய் படுத்துப் புரண்டது.

கடலால் வந்த அப்பா எல்லாவற்றையும் பார்த்தார். மாப்பிள்ளையை ஏச முடியாதே! ரைகரை அவிழ்த்து வந்து, அத்தானுக்கு முன்னால் வைத்துக் கயிற்றால் விளாசினார்.

"காவலுக்கு விட்டால் எங்கையடா போனனீ? தின்னிற சோத்துக்கு வெக்கமில்லையோ?"

அந்த ஏச்சு யாருக்கு என்று கரையில் நின்ற எல்லோருக்கும் விளங்கியது. அத்தானுக்கு மட்டும் விளங்கவில்லை.

"பாவம் மாமா, விடுங்கோ. வாயில்லாச் சீவன்" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அதையும் சீனி காணாது என்றார்.

இப்போது கூடாரத்துக்குள் குறட்டை விடுகிறார். அடி வாங்கிய ரைகர் அந்தக் கூடார வாசலில்தான் காவலுக்குப் படுத்திருக்கிறது. கூப்பிட்டாலும் வருகிறதில்லை.

மானங்கெட்ட நாய்.