சாயாத கோபுரம்

சிரம்பான், 12.8.1999

அன்புள்ள கண்ணம்மைக்கு,

நீயும் அப்பச்சியும் சுகம்தானே? எனக்கு இருமல் மட்டும்தான்.

டிஜிட்டல் கேமரா வாங்க முதலாளிக்கு மனமில்லை. ஸ்டூடியோவில் கிடந்த துருத்திக் கேமராவின் பின்னால் பழைய ஸ்கேனரைப் பொருத்தினேன். லென்ஸை மேலே நகர்த்தினால் கோபுரம்கூடப் படத்தில் சாயாமல் நேராக விழும். இடிக்கப்போவதாகப் பேச்சு அடிபடும் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயிலை, முதலாளி சொல்லி அதில்தான் எடுத்தேன். படம் மெதுவாகப் பதியும் என்பதால், ரப்பர் பால் வெட்டும் பேபியக்கா வாசலில் அசையாமல் நின்றார்.

“படத்தப் பாத்தா இடிக்க மாட்டாங்கதானே தம்பி?”

“மாட்டாங்கக்கா.” அப்படித்தான் நம்பினேன்.

நேற்று முதலாளி கம்ப்யூட்டரில் கோபுரத்தையும் அக்காவையும் அழித்து, அங்கே புது வீடுகளை ஒட்டி, வீடு விற்பவர்களிடம் கொடுத்தார்.

“கோடெல்லாம் நேரா இருக்கு லா” என்று என்னைப் பாராட்டினார்.

அக்காவுக்கு, எதையும் அழிக்காத முழுப் படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுக்கக் கால் வரவில்லை.

சித்தரத்தை அனுப்பு. உன் படமும் ஒன்று வை. கடை திறக்க நேரமாகிவிட்டது.

உன்
சொக்கப்பன்